திறப்பு நாளில் நான் வாசித்த எண்கள்

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை. காலையில் வானம் மூடியிருந்தது. பத்து மணிக்கு மேல் சிறு தூறல் விழுந்து நின்றது. இதை எழுதும் இவ்வேளையில் காற்று ஈரமாகவும் அசைவின்றியும் இருக்கிறது. இத்தகைய நாளில், கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் கொண்டு வானை ஆராய்பவர்களுக்கு வேலை இல்லை. எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்பவர்களுக்கோ வானிலை ஒரு பொருட்டே அன்று. அவர்களுடைய தொலைநோக்கி காற்று மண்டலத்துக்கு மேலே, செயற்கைக்கோளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் இவ்விரு வகையினரும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறைகளில் இருந்தனர். மழை பிடித்துக்கொண்டால் ஒரு பக்கம் முகங்கள் தொங்கும். மறுபக்கம் தேநீர் கொதிக்கும்.

ஐயா, நேற்று நீங்கள் காவல் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்து, என்னிடம் மிகுந்த பரிவுடன் பேசினீர்கள். நீங்கள் தயாரித்து வந்த அறிக்கையில் நான் கையெழுத்திட்டால் போதும் என்றீர்கள். அவ்வறிக்கையில் ஒரு செய்தி பிழையானது. பிழையை அறிந்தபின் அதன் கீழ் கையெழுத்திடுவது என் இயல்பு அன்று. ஆகவே நடந்தவற்றை முறைப்படி எழுதுகிறேன்.

நான் அந்நிறுவனத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்தவள். வானத்தின் ஒளிப்படங்களிலிருந்து பிறர் குறித்துத் தந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது என் பணி. என் கணவர் மறைந்தபின் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, பிள்ளை வயதினருடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து, இயற்பியலில் பட்டம் பெற்றேன். முதல் வகுப்பு. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதுவரை நான் ஏற்றிய எண்கள் எனக்கு வெறும் எண்களாக இருந்தன. அதன்பின் அவை பேரடைகள் ஆயின.

நம் சூரியனைப் போன்ற பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்தது ஒரு பேரடை. அத்தகைய பேரடைகள் நூற்றுக்கணக்கில் தம் ஈர்ப்பாலேயே ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பது பேரடைக் கொத்து. பேரடைகளை ஒளியியல் தொலைநோக்கி காட்டும். அவற்றுக்கு இடையே பரவியுள்ள கொதிக்கும் வாயுவை எக்ஸ் கதிர் மட்டுமே காட்டும். அமைதியான ஒரு கொத்தில், அனைத்திலும் பெரிய பேரடை சரியாக வாயுவின் நடுவில், வீட்டுக்குப் பெரியவரைப் போல அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அது நடுவிலிருந்து விலகித் தள்ளாடினால், அக்கொத்தைப் பிடித்து வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைப் பற்றி நாம் எழுதி வைத்தவை எல்லாம் மாற வேண்டும். எங்கள் குழு அளக்க முற்பட்டது அந்த விலகலைத்தான்.

குழுவின் தலைவர் ஒளியியல் பக்கத்தைச் சேர்ந்தவர். மலை மேலிருந்த தொலைநோக்கியின் குளிருக்காக அணிந்த கம்பளித் தொப்பியை அவர் கீழே வந்த பிறகும் கழற்றாததால், அனைவரும் அவரைத் தொப்பிக்காரர் என்றனர். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன். எக்ஸ் கதிர்ப் பக்கத்துக்குப் பொறுப்பான அம்மையாரை எக்ஸ்ரே அம்மா என்றனர். எதிரில் நிற்பவரின் மனத்திலிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பது அதற்குக் காரணம். என் மனத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

இத்தகைய ஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. மனிதர் தாம் விரும்பும் விடையை நோக்கித் தம்மை அறியாமலே சாய்வர். அதைத் தடுக்க, எக்ஸ் கதிர்ப் படம் ஒவ்வொன்றையும் ஒருவர் சிறிதளவு இடம் பெயர்த்து வைத்துவிடுவார். எவ்வளவு, எத்திசையில் என்பது அவர் ஒருவருக்கே தெரியும். மற்றவர்கள் பெயர்ந்த படத்திலேயே வாயுவின் நடுவை அளந்து முடிப்பர். எல்லாம் முடிந்தபின் திறப்பு நாள் ஒன்று வைத்து, அவ்வெண்களைக் காப்பவர் உரக்க வாசிப்பார். குழுத் தலைவர் தம் கையாலேயே கணினியில் ஏற்றுவார். பெயர்ச்சி கழிந்து உண்மை வெளிப்படும். எண்களைக் காக்க யாரை வைப்பது என்று பேச்சு எழுந்தபோது என் பெயரைச் சொன்னவர் தொப்பிக்காரரே.

"அக்காகிட்ட குடுங்க. பல்லப் புடுங்கினாலும் அக்கா வாயிலேர்ந்து ஒரு நம்பர் வராது."

அது உண்மை. என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இன்றுவரை.

அந்த ஆண்டு நிறுவனத்தைப் பொதுமக்கள் பார்வையிடும் நாளில், மாணவர்களுக்கு உரை நிகழ்த்தும் வாய்ப்பு எனக்குத் தரப்பட்டது. பல வாரங்கள் உழைத்து அவ்வுரையை அமைத்தேன். கைத்தட்டல் கிடைத்தது. அதன்பின் ஒரு தட்டில் பிஸ்கட்டுகளை அடுக்கிக்கொண்டு தேநீர் அறையை நோக்கி நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தொப்பிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் பேசியது அவர் குரல் அன்று, என் குரல்.

"மாணவச் செல்வங்களே, பேரடைக் கொத்து எனப்படுவது யாதெனில்..."

"அடப்பாவி, கண்ண மூடினா அக்காவேதான்," என்றார் எக்ஸ்ரே அம்மா.

"...ஒன்றையொன்று விட்டு நீங்காது, உற்றார் உறவினர் போன்று..."

"போதும்ப்பா. டீ மூக்குல ஏறிடுச்சு."

"கிண்டல் இல்லைங்க. அக்கான்னா எனக்கு உசுரு. ஆனா உள்ளதச் சொல்லணும்ல. அது கிளிப்பிள்ளை. புக்ல இருக்கறத ஒரு எழுத்து மாறாம ஒப்பிக்கும். என்ன சொல்றோம்னு கிளிக்கே தெரியாது. பாவம், விடுங்க. அந்த வயசுல படிச்சதே பெரிசு."

நான் உள்ளே சென்று தட்டை மேசையில் வைத்தேன். அவர் சட்டென்று எழுந்து, "வாங்கக்கா, உங்களப் பத்திதான் பேசிட்டிருந்தோம். பேச்சு பிரமாதம்," என்றார். நன்றி என்றேன். இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

கிளிப்பிள்ளை என்றதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஏசுவது எதிரில் நிற்பவரை ஒரு பொருட்டாக மதிப்பதன் அடையாளம். ஆனால் 'பாவம், விடுங்க' என்றாரே, அதற்கு என்ன செய்வது என்று நான் படித்த நூல் எதிலும் சொல்லப்படவில்லை. ஆகவே நானே சிந்திக்க வேண்டியதாயிற்று.

திறப்பு நாள் வந்தது. கூட்ட அறையில் அனைவரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு நெருக்கியடித்து அமர்ந்தனர். தொப்பிக்காரர் கணினியின் முன். நான் அவருக்கு எதிரில், தாளுடன். ஒவ்வொரு கொத்துக்கும் உரிய எண்ணை நான் வாசிக்க, அவர் ஏற்றினார். எண்கள் யாவும் சரியானவை. குறிகளை மட்டும் மாற்றி வாசித்தேன்: கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல், கழித்தல் இருந்த இடத்தில் கூட்டல். இதனால் நீங்க வேண்டிய பெயர்ச்சி நீங்காமல் இரு மடங்காகியது. தாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி, தடுமாறாமல், வேகம் குறையாமல் வாசிப்பது எளிதன்று. பொருள் அறியாதவரால் அது இயலாது.

இது உடனே வெளிப்பட்டிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினா. கொத்துகளுக்கு வெகு பின்னால் உள்ள சில பொருள்கள் இரு வகைப் படங்களிலும் கூர்மையான புள்ளிகளாகத் தெரியும். ஒரு படத்தின் மேல் மற்றொன்றைப் பொருத்துவது அவற்றைக் கொண்டே. ஆனால் அப்புள்ளிகள் வாயுவை அளப்பதற்கு இடையூறு என்பதால், பொருத்தி முடித்ததும் அவற்றைத் துடைத்துவிடுவது முறை. துடைக்கும் பணியும் என்னுடையதே. வீட்டைச் சுற்றியிருந்த அடையாளங்களை அகற்றியபின், வீடு நகர்ந்ததா என்று எவரால் சொல்ல இயலும்?

திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்தக் கொத்திலும் பெரிய பேரடை நடுவில் இல்லை. பிறகு தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவர் தலை அவ்வளவு வழுக்கை என்பதைப் பலர் அன்றுதான் கண்டனர்.

"ஆடுதுக்கா," என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எல்லாமே ஆடுது."

ஏற்றிய எண்களை மூலத் தாளுடன் தலைவர் தாமே ஒப்பிட்டுப் பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க வாசிச்சத நான் சரி பாக்கறதாக்கா? அது உங்கள அவமானப்படுத்தற மாதிரி," என்று சிரித்தபடி கையெழுத்திட்டார். எக்ஸ்ரே அம்மா கேக் வெட்டினார்.

ஒன்றரை ஆண்டுகள் அவர் புகழுடன் இருந்தார். வெளிநாட்டு அரங்குகளில் பேசினார். பாடநூல்களைத் திருத்த வேண்டியிருக்கும் என்று செய்தித்தாள்கள் எழுதின. நான் காத்திருந்தேன். பழம் தானாகப் பழுக்க வேண்டும். தடியால் அடித்துப் பழுக்க வைப்பது எனக்கு உடன்பாடன்று.

வேறொரு நாட்டினர்தான் கண்டுபிடித்தனர். உண்மையான தள்ளாட்டம் என்றால், அருகிலுள்ள கொத்தில் அது பெரிதாகவும் தொலைவிலுள்ள கொத்தில் சிறிதாகவும் தெரிய வேண்டும். கைக்கெட்டும் தூரத்து விளக்கின் ஆட்டமும் ஊர் எல்லை விளக்கின் ஆட்டமும் ஒன்றுபோல் தோன்றா. எங்கள் முடிவிலோ அருகு, தொலைவு என்ற வேறுபாடின்றி எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் ஆடின. இயற்கை அவ்வாறு செய்யாது. மனிதர் செய்தால்தான் உண்டு என்று அவர்கள் எழுதினர். மிக நல்ல கட்டுரை. மும்முறை படித்தேன்.

விசாரணைக் குழு அமைந்தது. மூலத் தாளை எடுத்தனர்; அதில் குறிகள் சரியாக இருந்தன. கணினியில் தலைவர் ஏற்றியவை தலைகீழாக இருந்தன. அன்று நான் எப்படி வாசித்தேன் என்று அறையில் இருந்தவர்களைக் கேட்டனர். எவருக்கும் நினைவில்லை, கேக் எந்தக் கடையில் வாங்கியது என்பது மட்டும் நினைவிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தேன் என்ற கையெழுத்து அவருடையது. பார்த்திருந்தால், தெரிந்தே மறைத்தார். பார்க்கவில்லை என்றால், பொய்க் கையெழுத்து.

குழுவின் முன் செல்வதற்கு முந்தைய நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, பிறகு வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"அக்கா, எனக்கு மண்டை வெடிச்சிரும் போலிருக்கு. அன்னிக்கு நான் அந்தத் தாளப் பாத்தேனா, பாக்கலியா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி."

"யோசிச்சு யோசிச்சு எதையும் நம்ப முடியலக்கா. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"நீங்க தாளக் கையில வாங்கினீங்க. கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டிருந்தீங்க. முகம் ஒரு மாதிரி ஆச்சு. களைப்புன்னு நினைச்சேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் அப்படிச் சொல்லலியே தம்பி."

"இல்லக்கா. தெரிஞ்சிருக்கு. அவ்ளோ அழகான ரிசல்ட். விட மனசு வந்திருக்காது. எனக்கே தெரியாம நானே மூடி வெச்சிருக்கேன்."

அவருக்கு எழுத்து ஓடவில்லை. எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். குற்றத்தை ஏற்கும் அறிக்கையை நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதைக் குழுவின் முன் அவர் நின்றபடி வாசித்தார். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. வெளியே வந்து என்னைக் கண்டதும், "உங்களால்தான்க்கா உண்மையாவது மிஞ்சிச்சு," என்றார்.

அவர் வேலையை இழந்தார். அதைவிட, தம்மை நம்பும் பழக்கத்தை இழந்தார். கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, இன்று என்ன கிழமை என்று எதையும் இன்னொருவரிடம் கேட்டே உறுதி செய்வார். சாலையைக் கடக்க மாட்டார். நெஞ்சில் ஒரு கோளாறும் சேர்ந்தது. நான் ஞாயிறுதோறும் போய் வந்தேன். அவர் மனைவி, "நீங்க வந்தாத்தான்க்கா இவர் ரெண்டு வாய் சாப்பிடறார். கூடப் பொறந்தவங்க கூட இப்படிப் பாக்க மாட்டாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது மிகையன்று. நான் நன்றாகவே கவனித்துக்கொண்டேன். அவர் தாமாக எதையாவது உறுதியாகச் சொல்லும்போது, "அப்படியா தம்பி?" என்று மட்டும் கேட்பேன். அது போதுமானதாக இருந்தது.

அத்துடன் நான் நிறைவடைந்திருந்தேன் என்பதை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். மேற்கொண்டு எதுவும் செய்யும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கடந்த ஞாயிறு நடந்ததற்கு அவரே காரணம்.

அன்று மூவரும் சேர்ந்து உண்டோம். அவர் எங்கள் இருவர் முன்னிலையில் நெஞ்சுக்கான மாத்திரையை விழுங்கினார். நாளுக்கு ஒன்றுதான், இரண்டாவது எக்காரணத்தாலும் கூடாது என்று மருத்துவர் அவர் மனைவியிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார். இருட்டுவதற்குள் திரும்புவதாகச் சொல்லி மனைவி கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். நான் இருக்கும்போது மட்டுமே அவர் நிம்மதியாக வெளியே செல்வது வழக்கம். கதவு சாத்தியதும் தொப்பிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல மாதங்களாக நான் காணாத சிரிப்பு.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"ஒண்ணு ரெண்டு குறிய மாத்தி அடிச்சா அது கைத்தப்பு. ஒண்ணு விடாம அத்தனையும் மாத்தி அடிக்கக் கையால முடியாது. வாசிச்சதுலயே மாறியிருந்தாத்தான் உண்டு. நாலு நாளா இதத்தான் யோசிச்சேன். சரியா வருதுல்ல?"

சரியாகவே வந்தது. குறையற்ற தருக்கம். அவர் அறிந்துகொண்டார் என்பதில் எனக்கு அச்சம் ஏற்படவில்லை. மாறாக, ஒருவகை மகிழ்ச்சியே உண்டாயிற்று. செய்தவரின் திறத்தை மதிப்பிட வல்லவர் அந்த ஒருவரே. அவர் அடுத்துச் சொல்லப்போவதைக் கேட்க நான் சற்று முன்னே குனிந்தேன்.

"பயந்துராதீங்க. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். போன பேரு போனதாவே இருக்கட்டும். இந்த வயசுல உங்கள இழுத்து விட்டு நான் என்ன பண்ணப் போறேன். கூட்டணுமா கழிக்கணுமான்னு எங்களுக்கே குழம்பும். உங்களுக்குக் குழம்பினதுல என்ன அதிசயம். பாவம்க்கா நீங்க."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, பழக்கத்தினால், "மாத்திரை போட்டுட்டேனாக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல தம்பி," என்றேன்.

"நல்லவேளை கேட்டேன்." அவர் எடுத்துக்கொண்டார், நான் தண்ணீர் கொடுத்தேன். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டார். மீண்டும் அதையே சொன்னேன். அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் அதே விடையை, அதே சொற்களில், அதே குரலில் தந்தேன். பின்னர் அவர் கேட்கவில்லை. சாய்வு நாற்காலியில் தலை சாய்ந்தது. தொப்பி நழுவியது, அதை எடுத்துச் சரியாக வைத்தேன்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மாத்திரை பற்றி அவருக்கு நான் தந்த விடையை அன்றே உங்களிடம் சொல்லியிருந்தேன். 'முதுமையின் காரணமாகக் குழப்பமுற்று, மருந்து உட்கொள்ளவில்லை என்று தவறுதலாகக் கூறிவிட்டார்' என எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏட்டில் ஒரு கையெழுத்து இட்டால் நான் வீட்டிலேயே இருக்கலாம் என்பதை அறிவேன். உங்கள் நல்லெண்ணத்தையும் அறிவேன். ஆனால் ஐயா, எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. திறப்பு நாளிலும் இல்லை. கடந்த ஞாயிறும் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்பதை முழுமையாக அறிந்தே, அவ்விரு நாளும் சொன்னேன். அவரைக் கொன்றது என் கவனப் பிழை அன்று, நான். அறிக்கையில் அவ்வாறே எழுதப்பட வேண்டும்.

பழி வாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் மீது எனக்கு ஒருபோதும் பகை இருந்ததில்லை. அவர் என் தம்பி போன்றவர். என்னைப் பற்றி அவர் கொண்டிருந்த தவறான கருத்தை நீக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அது நீங்கியதா என்று அறிய, அவர் முகத்தை இறுதிவரை உற்று நோக்கியபடி அருகிலேயே அமர்ந்திருந்தேன். அவர் விழித்துக் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். கேட்கவில்லை. அவருடைய மூச்சு நின்றபோது மாலை மணி ஐந்து பன்னிரண்டு.